இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

முகாமையாளர் கேட்டது ஒரு பக்கம்.
ஒரு பெயர், ஒரு தொகை, காரணம், என் கையெழுத்து.
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.

நான் கணக்குப் பிரிவு.
கம்பெனியின் பேஸ்போல் அணிக்குச் செயலாளரானது
அன்றைய கூட்டத்துக்குப் பிந்தி வந்ததால்.

போன வருடம் பதினொரு ஆட்டத்தில் ஒன்று வென்றோம்,
அதுவும் எதிரணியின் பஸ்
கொட்டாவையில் டயர் வெடித்து நின்றதால்.
பிறகு மெண்டிஸ் இத்தாலிக்கு, சஜீவன் டோஹாவுக்கு.
கடைசியாக லகிரு, எங்கள் ஷோர்ட்ஸ்டொப்.
அவன் போன பிறகுதான் தெரிந்தது
இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில்
எவ்வளவு புல் கிடக்கிறது என்று.

எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல்
இப்போது மூன்று பேர்.

திலும் வெத்தசிங்க, முப்பத்துநாலு,
இராணுவ அணியில் பன்னிரண்டு வருடம்.
அவன் பந்தைத் தேடி ஓடுவதில்லை,
அது வரும் இடத்தில் முதலே குந்தியிருக்கிறான்.
இடது முழங்காலில் ஒரு பட்டி. எழும்பும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.
கேட்பது எங்கள் இரண்டு வருட மட்டைக் காசு.
"என்னை எடுத்தா ஐந்தாம் இடம் நிச்சயம், மிஸ்."
இருப்பது எட்டு அணி. நாங்கள் எட்டாவது.
ஐந்தாவதுக்குக் கிண்ணம் கொடுப்பதில்லை.

துவான் ரிஸ்மி, கொம்பனித்தெரு.
எல்லே ஆடிய வெறுங்கை.
கையுறை போட்டால் கை செவிடாகிறது என்கிறான்.
எறிந்தால் காற்றுக் கிழியும்.
எங்கே போய் விழும் என்பது
அவனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும்.
வீடு இடித்த இடத்துக்குப் பதிலாய்க் கிடைத்த
பதினோராம் மாடியில் லிப்ட் நின்ற நாட்களை
அவன் பயிற்சிக் கணக்கில் சேர்க்கிறான்.
காசு வேண்டாம், தம்பிக்குக் களஞ்சியத்தில் ஒரு வேலை.

ஷெல்டன் காசிச்செட்டி, கொட்டாஞ்சேனை.
நாற்பது பந்துக்கு ஒரு பிழை.
கந்தோருக்கு வந்தபோது சட்டைப் பையில்
வெள்ளைப் பின்னணியில் எடுத்த ஆறு படங்கள்.
பத்தரமுல்ல வரிசையிலிருந்து நேரே வந்தானாம்.
"ஒரு பருவம் ஆடுறன் அக்கா. வீசா முந்தினா அதுவும் இல்லை."
பிளேன்டீயை ஆறவிட்டு,
வேறு எதுவும் கேட்காமல் ஒன்று கேட்டான்:

"நான் எறிஞ்சா,
முதலாம் தளத்தில பிடிக்க ஆர் நிக்கிறது?"

ஜெயசீலன் நிற்கிறான். என் பிரிவுதான்.
பந்து வரும்போது கண்ணை மூடுகிறவன்.
மூன்று கிழமையாக நான் போட்ட கணக்கில்
அவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

அன்று பின்னேரம் பொறளைக்கு, கம்பல் பார்க்குக்குப் போனேன்.
பொதி கட்டும் பகுதி இனோஷன், பத்தொன்பது,
லகிருவின் இடத்தில் சும்மா நின்றான்.
இருபது பந்து. ஒன்பது அவன் கால்களுக்கிடையால் போனது.
ஒவ்வொன்றுக்கும் அவனே ஓடினான், கான் வரைக்கும்,
ஈரப் பந்தைக் காற்சட்டையில் துடைத்து
அங்கிருந்தே எறிந்தான், ஆட்டம்
இன்னும் முடியாதது மாதிரி.

ஷெல்டனுக்கு அழைத்து, இல்லை என்றேன்.
கோபிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து,
"அந்தப் பெடியனுக்குச் சொல்லுங்க,
குதிக்காலை நிலத்தில ஊன்றாமல் நிக்கட்டும்."

சொன்னேன். அடுத்த கிழமை எட்டு.
அதற்கடுத்த கிழமை மழை.
பிறகு, குதிக்காலை மறந்துவிட்டான் போல, பத்து.

வெள்ளி. நாலு ஐம்பது. ஜன்னலில்
துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒரு பெட்டியைத் தூக்கி
எங்கே வைப்பதென்று நிற்கிறது.

பெயர்: இனோஷன்.
தொகை: ஜெயசீலனுக்கு ஒரு கையுறை, அறுபது பந்து.
காரணம் என்ற இடத்தில்
'இந்த வருடமும் தோற்போம்' என்று எழுதி,
வெட்டி,
திரும்பவும் அதையே எழுதினேன்.